துவக்குக்கு எண்ணெய் முழுக்கு

துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவன், டென்மார்க்கில் காசு கட்டி வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, வேட்டைக்காரன் ஆனான் என்றால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? என் மனைவி சாந்தி சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது.

எல்லாம் சம்பந்தியால் வந்தது. மகள் மதுரா, யோனாஸ் என்ற டேனிஷ் பொடியனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். பொடியன் தங்கம். அவனுடைய தகப்பன் நீல்ஸ்தான் பிரச்சினை. மனிதர் வாயே திறக்கமாட்டார். சில்க்போர்க்கில் எங்கள் வீட்டுக்கு வந்தால் மழையைப் பற்றி ஒரு வசனம், காற்றைப் பற்றி ஒரு வசனம், அதற்குப் பிறகு கோப்பியைப் பார்த்துக்கொண்டு இருப்பார். வேட்டை என்றால் மட்டும் முகம் மலரும். சம்பந்தியோடு கதைக்க ஒரு விஷயம் வேண்டுமே என்றுதான் நான் வேட்டை அனுமதி எடுத்தேன்.

நீல்ஸ் உருகிப்போனார். முதல் வேட்டைக்குத் தன் தகப்பனுடைய இரட்டைக்குழல் துவக்கையே இரவல் தந்தார். “ஈரத்தோடு வைத்துவிடாதே. நனைந்தால் துடைத்து ஒரு துளி எண்ணெய் போடு” என்றார். (டேனிஷில் சம்பந்தி, மந்திரி, மாட்டு வைத்தியர் எல்லோருக்கும் ஒரே ‘நீ’தான். இது தெரியாமல் நான் பல வருடம் வீணாகக் கோபப்பட்டிருக்கிறேன்.)

மகளுக்குத்தான் நடுக்கம். “அப்பா, அதற்கு ஏதாவது ஆனால் கலியாணத்தில் நான் எந்த முகத்தோடு அவர் பக்கத்தில் நிற்பது?” என்று டேனிஷில் கேட்டாள்.

“நான் என்ன சின்னப்பிள்ளையோ? நீ பேசாமல் போ” என்றேன்.

வேட்டைக்கு முந்திய சனிக்கிழமை பயிற்சிக்குப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. துவக்கும் நானும் தெப்பமாக நனைந்து வீடு வந்தோம். வகுப்பில் படித்தது நன்றாக நினைவிருந்தது. ஈரத் துவக்கை உறையோடு பூட்டி வைத்தால் துருப்பிடிக்கும். குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் இரும்புக்கு வியர்க்கும், அந்த வியர்வை மழையைவிடப் பொல்லாதது. ஆகவே பழைய வேட்டியைக் கிழித்துத் துடைத்தேன். சாந்தி தலைமுடி காயவைக்கும் மெஷினைப் பிடித்துக் காயவைத்தேன். எண்ணெய் பூச வேண்டிய கட்டத்தில்தான், துவக்கெண்ணெய் வாங்கவே இல்லை என்பது உறைத்தது. கடையும் பூட்டியாயிற்று.

சனிக்கிழமை, எண்ணெய். இந்த இரண்டும் ஒரு யாழ்ப்பாணத்தானின் மண்டைக்குள் சந்தித்தால் வேறு என்ன நடக்கும்? குசினியில் தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது. ஹீட்டரில் வைத்து உருக்கினேன். (அது ஏன் உறைந்தது என்று அப்போது யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.) ஒரு துளி என்பதை எங்கள் ஆட்களின் கை ஒத்துக்கொள்ளாது. உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்து முழுக்காட்டினேன். சீயக்காய் வைக்காததுதான் குறை.

“இஞ்சேருங்கோ, என்ர எண்ணெய்ப் போத்தல் எங்கை?” என்று சாந்தி குரல் கொடுத்தாள்.

“துவக்குக்குப் பூசினனான்.”

“உங்களுக்கு என்ன விசரே?”

“தலைக்கு நல்லதெண்டால் இரும்புக்குக் கூடாதோ?”

துவக்கு பளபளத்தது. படம் எடுத்து நீல்ஸுக்கு அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் பதிலாக வந்தது. அவரைப் பொறுத்தவரை அது நீண்ட கடிதம்.

வேட்டை நாளன்று புல்லெல்லாம் உறைபனி. நீல்ஸும் கூட்டாளிகளும் வரிசையாக நின்றார்கள், நடுவில் நான். நாய்கள் கிளப்பிவிட்ட கொழுத்த காட்டுக்கோழி ஒன்று நேரே என் தலைக்கு மேல் வந்தது. புது ஆள் சுடட்டும் என்று எல்லோரும் விட்டுக்கொடுத்தார்கள். பாதுகாப்புப் பொத்தானைத் தள்ளினேன். அசையவில்லை.

“சுடு!” என்றார் நீல்ஸ்.

பலம் எல்லாவற்றையும் பெருவிரலில் திரட்டித் தள்ளினேன். நகர்ந்தது. விசையை அழுத்தினேன். சேற்றில் செருப்பு விழுந்ததுபோல ‘சொத்’ என்று ஒரு சத்தம். தோட்டாவை அடிக்க வேண்டிய ஊசி உறைந்த எண்ணெய்க்குள் மாட்டிக்கொண்டது. கோழி அவசரப்படாமல் பறந்து போனது.

தோட்டா பிந்தி வெடித்தாலும் வெடிக்கும் என்று குழலை நிலத்தை நோக்கிப் பிடித்துச் சற்று நேரம் பொறுத்திருந்தோம். பிறகு நீல்ஸ் வாங்கிச் சிரமப்பட்டுத் திறந்தார். இடுக்கெல்லாம் வெள்ளைப் பசை. அவர் மோந்து பார்த்தார். அவருடைய நாய் துவக்கின் பிடியை நக்கத் தொடங்கியது.

“என்ன இது?”

“தேங்காயெண்ணெய்.”

“சமையலுக்குப் போடுவதா?”

“தலைக்கும் வைப்போம்.”

செத்துப்போன தகப்பனின் துவக்கை நம்பித் தந்த மனிதர், அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகளின் கலியாணத்தை நானே குழப்பிவிட்டேன் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீல்ஸ் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். தலையில் ஒரு மயிர் இல்லை.

“இதை நீ எனக்கு முப்பது வருடத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டும்” என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கியவரை நிறுத்த முடியவில்லை. அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை என்று கூட்டாளிகளே சொன்னார்கள்.

துவக்குத் திருத்துகிறவர் அதைக் கழற்றிக் கழுவிவிட்டு, ஒரு பொட்டுத் துருகூட இல்லை என்றார். இதை நான் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறேன். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கலியாணம் நன்றாக நடந்தது. பேசாத நீல்ஸ் எழுந்து பேசினார், பேச்சு முழுவதும் இந்தக் கதைதான். அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும், இரண்டு மொழியிலும், தேங்காயெண்ணெய்க்குப் பெயர் துவக்கெண்ணெய். அண்மையில் பேத்தியின் தலை ஏன் இப்படி மினுங்குகிறது என்று பாலர் பள்ளி ஆசிரியை கேட்டிருக்கிறார். “அம்மம்மா துவக்கெண்ணெய் பூசுகிறவ” என்று பிள்ளை சுத்தமான டேனிஷில் விளக்கியிருக்கிறாள். பதறிப்போன ஆசிரியை, பின்னேரம் பிள்ளையைக் கூட்டிவரப் போன நீல்ஸைப் பிடித்து உண்மையா என்று கேட்டார்.

“உண்மைதான். இந்த ஈரத்தில் பிள்ளை துருப்பிடித்துவிடும் அல்லவா?” என்றாராம் என் சம்பந்தி.