காயப்போட்ட நெல்லுக்கு எத்தனை ஆளு?

இந்த ஞாயித்துக்கிழமை நெல்லுக்குக் காவல் இருக்க மாட்டேன்னு தீர்மானம் பண்ணினேன். சாதாரண தீர்மானம் இல்ல. கண்ணாடி முன்னாடி நின்னு, மீசையத் தடவி, மாநாட்டுத் தலைவர் கணக்கா வாசிச்ச தீர்மானம்.

வேதாரண்யத்துல என் சிநேகிதர் அன்சாரும் அவரு சம்சாரம் ஜஸீலாவும் எங்க ரெண்டு பேரையும் இறால் பிரியாணிக்குக் கூப்பிட்டிருந்தாங்க. இங்கயோ அறுத்த நெல்லு ஈரமா கிடக்கு. ஈரமா போனா கொள்முதல்ல எடுக்க மாட்டாங்க. ரோட்டுல கொட்டிக் காய வைக்கணும். காலால கிளறி விட ஒரு ஆளு, ஆடு விரட்ட ஒரு ஆளு. கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த ரெண்டு ஆளு நானும் பிரகதீஸ்வரியும்தான்.

“நெல்லுக்கு ஒரு ஆளு போதும் பிரகதி.”

“யாருங்க சொன்னா?”

யாரும் சொல்லல. சொல்ல வைக்கணும். அந்த ஒரு ஆளு அவ. பிரியாணிக்கு நான்.

நான் நாலாம் வகுப்பு வாத்தியார். கணித மாதிரின்னு ஒரு பாடம் உண்டு. நிஜமான பிரச்சினைய பசங்களே கணக்கா மாத்தணும், செஞ்சு பார்க்கணும், சரியா வரலன்னா திருத்தணும். பள்ளிக்கூட வாசல்ல படுதா விரிச்சு நெல்லக் கொட்டினேன்.

பரிதிங்கிற பையன் ஆடா நடிச்சான். உருக்கமா கத்துனான். செம்மொழி கிளறுனா. பாதிகூட முடியல, ஆடு வாய வச்சிருச்சு.

“ரெண்டு ஆளு வேணும் சார்!”

எனக்குப் பிரியாணி ஆறிப்போச்சு.

“எது மாறினா ஒரு ஆளு போதும்? யோசிங்கடா!”

செம்மொழி என் பாதத்தையே பார்த்தா. “என் காலு சின்னது சார், அதான் நிறைய நடக்க வேண்டியிருக்கு. நீங்க கிளறுங்க.”

கிளறுனேன். மளமளன்னு முடிஞ்சுது. ஆட்ட விரட்டவும் நேரம் மிச்சம்.

“ஒரு ஆளு போதும்!” வகுப்பே கத்துச்சு. ஆடும் கத்துச்சு.

வீட்டுக்கு வந்து நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொன்னேன். பிரகதி முறத்தைக் கீழ வச்சா.

“பசங்க செஞ்சே பார்த்துட்டாங்களா?”

“பின்ன?”

“அப்ப சரியாத்தான் இருக்கும். கிளறுனது யாரு காலுங்க?”

“என் காலுதான்!”

எந்திரிச்சு வந்து என் கால் பக்கத்துல அவ காலை வச்சா. தோணி பக்கத்துல வெத்தலை.

“கணக்குன்னா கணக்குதாங்க”ன்னா, ரொம்ப மரியாதையா.

ஞாயித்துக்கிழமை நான் ரோட்டுல, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நெல்லு மேல. அவ பட்டுப்புடவையில பஸ்ஸுக்குக் கிளம்பினா.

“எங்க பிரகதி?”

“வேதாரண்யத்துக்குத்தாங்க. ஜஸீலாகிட்ட சொல்லிட்டேன், பிரியாணிக்கும் ஒரு ஆளு போதும்னு.”