கஞ்சிராவுக்கு ஒரு தோல்

பட்டென்று சத்தம் கேட்டபோது கபிலன் கையில் மனைவியின் ஹேர் டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. கஞ்சிராவின் தோலில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு கிழிசல். விரலே உள்ளே போகும்.

"ஐயோ!" என்றார். வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

கபிலனுக்கு வயது ஐம்பத்திரண்டு. சிங்கப்பூர் ஆங் மோ கியோவில் வீடு, ஏர்கான் சர்வீஸ் தொழில், சொந்த வேன். ஈரத்தைக் காயவைப்பதில் இருபத்தைந்து வருட அனுபவம். அந்தத் திமிர்தான் ஆளைக் கவிழ்த்தது. கஞ்சிரா வாசிக்கிறவர்கள் தோலின் உள்பக்கம் நாலு சொட்டுத் தண்ணீர் தடவிச் சுருதியை இறக்குவார்கள் என்று எங்கோ பார்த்திருந்தார். இவர் அரை டம்ளர் ஊற்றினார். தோல் அப்பள மாவு மாதிரி தொளதொளத்துப் போனது. பயந்துபோய் ஹேர் டிரையரை எடுத்தார், அதுவும் ஃபுல் ஸ்பீடில்.

சொந்தக் கஞ்சிராவாக இருந்தால் தலையில் ஒரு போடு போட்டுக்கொண்டு விட்டிருக்கலாம். இது மச்சான் தங்கராஜுவுடையது. மனைவி தாரணியின் கூடப்பிறந்த அண்ணன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில் தங்கராஜு மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு அழைப்பு விடக் கீழே நின்றிருந்த கபிலன், பக்கத்தில் இருந்தவரிடம், "மச்சான் தட்டுற தட்டுல பந்தியில சாம்பார் வாளியே ஆடுது" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். கையில் மைக் இருந்தது, அதுவும் ஆன் ஆகியிருந்தது. மண்டபமே சிரித்தது.

அன்றிலிருந்து தங்கராஜு இவரோடு பேசவில்லை. மூன்று தீபாவளிக்கும் தாரணி குவீன்ஸ்டவுனில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குத் தனியாகப் போய், தனியாக அழுதுவிட்டு வந்தாள்.

உள்ளதைச் சொன்னால், கபிலன் அன்று பேசியது பொறாமையில். கஞ்சிரா கற்றுக்கொள்ள வேண்டுமென்று அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. ராணுவத்தில் நேஷனல் சர்வீஸ், வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று நாள் ஓடிவிட்டது. தாரணி திட்டத் திட்ட, சாப்பாட்டு மேசையிலும் வேன் ஸ்டியரிங்கிலும் தட்டியே காலம் போனது.

போன வாரம் தங்கராஜு திடீரென்று வாசலில் வந்து நின்றார். கையில் கஞ்சிரா.

"வீட்ல பெயிண்ட் வேலை, மாப்பிள்ளை. ஒரே தூசி. இங்க ஏர்கான் இருக்குல்ல... இது இங்க இருக்கட்டும்."

"உள்ள வாங்க மச்சான். ஒரு காப்பி..."

"இல்ல, இருக்கட்டும்."

ஏதோ சொல்ல வந்தவர்போல ஒரு நிமிடம் நின்றார். பிறகு லிஃப்ட் பக்கம் போய்விட்டார்.

அன்று தாரணி பாயசம் வைத்தாள். "அண்ணன் மனசு இறங்கிருச்சுங்க. நம்பிக் கொடுத்திருக்கு. பத்திரமா வச்சுக்கங்க" என்று மூன்று தடவை சொன்னாள்.

கபிலன் ஒரு வாரம் பத்திரமாக வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை தாரணி கடைக்குப் போன நேரத்தில் கை சும்மா இருக்கவில்லை.

இந்த இடத்தில் நல்ல மனுஷன் ஒருவன் போனை எடுத்து, "மச்சான், தப்பு பண்ணிட்டேன்" என்று சொல்லியிருப்பான். ஒரு நிமிட வேலை. நம்ம ஆள் வேனை எடுத்துக்கொண்டு லிட்டில் இந்தியாவுக்குப் போனார்.

அங்கே சந்துக்குள் வாத்தியம் பழுதுபார்க்கும் ஜலாலுதீன் பாய், கஞ்சிராவை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னா தம்பி, அயர்ன் பண்ணீங்களா?"

"தோலை மாத்திக் குடுங்க பாய். அவசரம்."

"இது உடும்புத் தோலு. ஊர்லயும் தடை, இங்கயும் தடை. ஆட்டுத்தோல் வேணும்னா போட்டுத் தர்றேன். ஆனா வாசிக்கிறவருக்கு முதல் தட்டுலயே தெரிஞ்சுபோகும்."

"தெரியாம இருக்கணும்னா?"

"அவருக்குக் காது கேக்காம இருக்கணும்" என்றார் பாய்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது, கால்வாய் ஓரச் சாலையில் ஒரு உடும்பு செத்துக் கிடந்தது. ஏதோ வண்டி தலையில் ஏறிப் போயிருந்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. கபிலன் பிரேக் போட்டார். கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்றே நினைத்தார். உடும்புக்கு அப்படித் தோன்றியிருக்காது.

கிட்டே போய்ப் பார்த்தார். குட்டிதான். வாலோடு சேர்த்து ஒரு கை நீளம் இருக்கும்.

"மன்னிச்சுக்கப்பா" என்று அதனிடம் சொல்லிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். உயிரோடு இருக்கிற ஒருத்தரிடம் சொல்லவேண்டிய வார்த்தையைச் செத்ததிடம் சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது.

லிஃப்டில் பக்கத்து வீட்டு அண்ணாதுரை நின்றிருந்தார். எழுபது வயது. கண் மட்டும் இருபது.

"என்னப்பா பையில?"

"மீனுண்ணே."

"மீனுக்கு நகம் இருக்குமா?"

கபிலன் பையைப் பார்த்தார். ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"உடும்பு லா!" அண்ணாதுரையின் குரல் தழுதழுத்தது. "என் முதுகுவலிக்கு இதைவிட மருந்து கிடையாது. மிளகு தூக்கலா போட்டு ஒரு வறுவல் வச்சா... எங்கப்பா எண்பத்தெட்டு வயசுவரை நிமிந்து நடந்தாரு, தெரியும்ல?"

"எனக்குத் தோல் மட்டும் போதும்ணே. நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"நான் ஏன் சொல்றேன்? தோல் உனக்கு, கறி எனக்கு."

நாளைக்குத் தாரணி கோவிலுக்குப் போனதும் தோலை உரிப்பதாக ஏற்பாடு. அதுவரை கெடாமல் இருக்கவேண்டுமே! உடும்பைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பாவைச் சுற்றி வளைத்துவைத்து, முன்னால் பட்டாணிப் பொட்டலங்களை அடுக்கி மறைத்தார்.

ஞாயிறு காலை. தாரணி கோவிலுக்குக் கிளம்புவதற்குள் அழைப்புமணி அடித்தது. வாசலில் அண்ணாதுரை, கையில் எவர்சில்வர் தூக்கு.

"என் பங்கை வாங்கிட்டுப் போலாம்னு வந்தேம்மா."

"என்ன பங்குண்ணே?"

"அதான், ஃப்ரீசர்ல..." என்றவர் கபிலனின் முகத்தைப் பார்த்து, "பட்டாணி" என்று முடித்தார். அதற்குள் தாரணி ஃப்ரீசரைத் திறந்துவிட்டாள்.

அவள் போட்ட சத்தத்தில் மேல்மாடிக்காரர்கூட எட்டிப் பார்த்தார். அண்ணாதுரை தூக்கோடு மறைந்துவிட்டார். கபிலன் உடும்பைப் பற்றிச் சொன்னார். ஏன் என்று கேட்டதும் கஞ்சிராவைப் பற்றியும் சொன்னார்.

தாரணி கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு வருஷங்க" என்றாள்.

அதற்கு அவள் கத்தியே இருக்கலாம்.

கொஞ்ச நேரம் கழித்து அவள்தான் எழுந்தாள். "அண்ணன்கிட்ட அப்புறம் பேசிக்கலாம். முதல்ல இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. காட்டுப் பிராணி செத்துக்கிடந்தா போன் பண்ணித்தான் சொல்லணும், வீட்டுக்கு எடுத்துட்டு வரக்கூடாது. பேப்பர்லயே போட்டிருந்தான்."

கபிலன் வனவிலங்கு ஹாட்லைனைக் கூப்பிட்டார். உள்ளதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வாயிலிருந்து, "கால்வாய் ரோட்ல ஒரு உடும்பு செத்துக் கிடக்கு, இப்பதான் பார்த்தேன்" என்றுதான் வந்தது.

போனை வைத்தார். "தொடாதீங்க, அங்கயே நில்லுங்கன்னு சொல்றாங்க. அரை மணி நேரத்துல ஆள் வருதாம்."

"எங்க?"

"அது கிடக்கிற இடத்துக்கு."

இரண்டு பேரும் ஃப்ரீசரைப் பார்த்தார்கள்.

பத்தே நிமிடத்தில் கபிலன் அங்கே போய்ச் சேர்ந்தார். பிரச்சினை என்னவென்றால், உடும்பு இப்போது உடும்பு வடிவத்தில் இல்லை. ஐஸ்கிரீம் டப்பாவைச் சுற்றி ஒரு நாள் இருந்ததில் வட்டமாகவே உறைந்துவிட்டது. முறுக்கு மாதிரி சாலையோரத்தில் கிடந்தது. நிமிர்த்திப் பார்த்தார், முடியவில்லை. வெயிலில் இளகட்டும் என்று காத்திருந்தபோதே வண்டி வந்து நின்றது.

இறங்கிய அதிகாரி இளம்பெண். சட்டையில் ரக்ஷனா என்று பெயர். கையுறை போட்டுக்கொண்டு குனிந்து தொட்டவள், வெடுக்கென்று கையை எடுத்தாள்.

"அங்கிள், எப்ப பார்த்தீங்க?"

"இப்பதாம்மா."

"முப்பத்துமூணு டிகிரி வெயில். இது எப்படி ஐஸ் கட்டியா இருக்கு?"

"ராத்திரி கொஞ்சம் குளிரா இருந்துச்சு..."

"சிங்கப்பூர்லயா?"

உடும்பின் வயிற்றில் ஒட்டியிருந்த எதையோ அவள் இரண்டு விரலால் எடுத்துக் காட்டினாள். "இது என்ன அங்கிள்?"

"பட்டாணி."

"உடும்பு பட்டாணி சாப்பிடாது."

அவ்வளவுதான். கபிலன் உடைந்துபோனார். உண்மையைச் சொன்னால் மன்னித்துவிடுவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தது அப்போது பார்த்து ஞாபகத்துக்கு வந்தது. ஹேர் டிரையரில் ஆரம்பித்து, மைக், மச்சான், பாய், ஃப்ரீசர் என்று ஒன்றுவிடாமல் கொட்டினார். ரக்ஷனா பொறுமையாக எழுதிக்கொண்டாள். அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது.

"சரி அங்கிள், புரியுது. அந்தக் கஞ்சிரா எங்க?"

"வேன்ல. ஏம்மா?"

"அது உடும்புத் தோல்தானே? அதுவும் கன்ட்ரோல்ட் ஐட்டம். பேப்பர்ஸ் இருக்கணும். ஓனர் யாரு?"

கபிலன் நாக்கைக் கடித்துக்கொண்டார். பத்து விநாடிக்கு முன்னால் கடித்திருக்கவேண்டிய நாக்கு. மச்சானின் பெயர், குவீன்ஸ்டவுன், எல்லாம் ஏற்கெனவே அவளுடைய குறிப்பேட்டில் இருந்தது.

தங்கராஜு கதவைத் திறந்தபோது பனியனும் கைலியுமாக இருந்தார். சீருடையில் ஒரு பெண், பின்னால் தலையைத் தொங்கப்போட்டபடி மாப்பிள்ளை. அவர் மனைவி லட்சுமி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ரக்ஷனா விஷயத்தைச் சொல்லி, கஞ்சிராவை மேசைமேல் வைத்தாள். "அங்கிள், இது உங்களோடதா?"

தங்கராஜு கிழிசலைப் பார்த்தார். விரலால் தடவினார். பிறகு நிமிர்ந்து கபிலனைப் பார்த்தார். திட்டுவார் என்று கபிலன் காத்திருந்தார். ஒரு அறை கொடுத்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

"இல்லம்மா, அது வந்து..." என்று லட்சுமி ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு" என்றார் தங்கராஜு. "என்னோடதுதாம்மா. முப்பது வருஷத்துக்கு முன்னாடி மெட்ராஸ்ல வாங்கினது. பேப்பர் எதுவும் கிடையாது. மாப்பிள்ளைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. எங்க கையெழுத்துப் போடணும்?"

அவர் கையெழுத்துப் போட்டார். ரக்ஷனா கஞ்சிராவைப் பையில் போட்டு சீல் வைத்தாள். "விசாரணைக்குக் கூப்பிடுவாங்க அங்கிள்" என்று அவரிடம் சொன்னாள். "உடும்பை எடுத்ததுக்கு உங்களுக்கும் லெட்டர் வரும்" என்று கபிலனிடம் சொன்னாள். அவள் நடைபாதையில் போகப்போகக் கஞ்சிராவின் சலங்கை லிஃப்ட் வரைக்கும் கிணுகிணுத்துக்கொண்டே போனது. மூன்று பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"மச்சான்..." கபிலனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அன்னிக்கு மைக்ல உங்க மானத்த வாங்கினேன். இன்னிக்கு உங்க கஞ்சிராவையும் பறிகொடுத்துட்டு, உங்களையும் மாட்டிவிட்டுட்டேன். நம்பிக் கொடுத்தீங்க. முந்தாநாளே ஒரு போன் பண்ணியிருந்தா..."

தங்கராஜு கபிலனின் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனார்.

லட்சுமி காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அது உங்க கஞ்சிராண்ணே, நீங்க கத்துக்கணும்னு உங்களுக்கே கொடுத்துடத்தான் போன வாரம் எடுத்துட்டு வந்தாரு, வாசல்ல நின்னதும் சொல்ல வாய் வரல."