அஃபுவா பிறந்த கிழமை

மாம்போக்ரோம் மாவட்ட மன்றம் தனது நூற்றுப் பன்னிரண்டாம் எண் சுற்றறிக்கையை ஒரு செவ்வாய்க்கிழமை வெளியிட்டது. அன்று ஊரில் யாருக்கும் எந்த ஆபத்தும் நேரவில்லை. சுற்றறிக்கை சொன்னது இதுதான்: "இம்மாவட்டத்தில் வாசிப்புப் பண்பாட்டை உடனடியாகவும் தாமதமின்றியும் வளர்த்தெடுக்கும் பொருட்டு, மன்ற ஊழியர் அனைவரும் புகழ்பெற்ற எழுத்தாளர்கள், அவர்தம் நூல்கள், அந்நூல்களில் வரும் பாத்திரங்கள் ஆகியன குறித்த பொது அறிவுத் தேர்வில் தேறுதல் வேண்டும். மும்முறை தவறுவோர் ஏரித்தீவுத் துணை அலுவலகத்துக்கு மாற்றப்படுவர்."

இதற்குக் காரணம் தலைநகரிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர். பள்ளிக்கூடத் திறப்பு விழாவில் மைக்கைப் பிடித்தவர், "உங்க ஊர்ல ஒரு நாவலாசிரியர் இருக்காராமே, யாருங்க அது?" என்று கேட்டுவிட்டார். மேடையிலிருந்த பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடித்தார்கள். அந்த அவமானத்தைத் துடைக்கத்தான் இந்தத் தேர்வு. ஏரித்தீவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு மேசை, ஒரு கொடிக்கம்பம், கொஞ்சம் ஆடுகள். படகு வாரத்துக்கு இரண்டு தடவை, அதுவும் படகுக்காரனுக்கு மனசு வந்தால்.

என்னை ஊரில் பாஸ்கோ மாஸ்டர் என்பார்கள். மன்ற வாசலுக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை. பழைய வினாத்தாள்களை விடையோடு தொகுத்து விற்கும் புத்தகத்துக்கு எங்கள் நாட்டில் பாஸ்கோ என்று பெயர். அது என் தொழில். சிலர் இளக்காரமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். பாஸ்கோ படிக்காமல் டாக்டரானவன், வக்கீலானவன், பாதிரியானவன் எவனாவது இந்த நாட்டில் இருந்தால் என் கடைக்கு வரட்டும், குளுகுளுவென்று ஒரு மால்ட் பானம் வாங்கித் தருகிறேன். இதுவரை ஒருத்தனும் வந்து கேட்டதில்லை.

சுற்றறிக்கை வந்த நான்காம் நாளே "இலக்கியப் பொது அறிவு: கடந்த ஆண்டுகளின் வினாவிடை" என்று ஒன்று போட்டேன். கடந்த ஆண்டுகளில் அப்படி ஒரு தேர்வே நடக்கவில்லையே என்று வேலையற்ற சிலர் கேட்டார்கள். தேர்வுக் குழுவுக்கு அந்த மாதிரிச் சந்தேகமெல்லாம் வரவில்லை. வினாத்தாள் தயாரிக்க நேரமில்லாமல் ஆளனுப்பி என்னிடமே ஒரு பிரதி வாங்கிப்போய், நாற்பது கேள்விகளையும் விடைகளையும் அப்படியே எடுத்துப் போட்டார்கள். அரசாங்கமே நம்பிய பிறகு நான் ஏன் என்னை நம்பாமல் இருக்க வேண்டும்?

இருபத்தேழாம் கேள்வி உள்ளூர்ப் பெருமைக் கேள்வி. அதற்கு மட்டும் விடை தப்பினால் மொத்தத் தாளும் தோல்வி. "நம் மண்ணின் மைந்தர் டி. ஏ. அம்பாடு எழுதிய 'அஃபுவாவின் கிணறு' நாவலின் நாயகி எந்தக் கிழமை பிறந்தாள்?" விடை: வெள்ளி. இதைக் கண்டுபிடிக்க நான் எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா? நூலகம் வரை நடந்துபோய் அட்டையைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் ஜனங்களிடையே பிறந்த கிழமைதான் பிள்ளைக்கு முதல் பெயர். வெள்ளியில் பிறந்த பெண் அஃபுவா, வியாழனில் பிறந்தவள் யா. அட்டையிலேயே அஃபுவா என்று கொட்டை எழுத்தில் இருக்கும்போது உள்ளே போய் எதைத் தேடுவது?

ஊரும் உடனே மாறிவிட்டது. அதிகாரிகள் கக்கத்தில் தடித் தடியாகப் புத்தகம் வைத்துக்கொண்டு நடந்தார்கள். தையல்காரர் சட்டையில் புத்தகப் பை வைத்துத் தைத்தார். 'கர்த்தரின் கிருபை முடிதிருத்தகம்' ஒரே வாரத்தில் 'கர்த்தரின் கிருபை மற்றும் இலக்கிய முடிதிருத்தகம்' ஆனது. இரங்கல் சுவரொட்டிகளில் செத்தவர் பெயருக்குக் கீழே "தீவிர வாசகர்" என்று போடாவிட்டால் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். மன்றக் கூடத்தில் டி. ஏ. அம்பாடுவின் பெரிய படம் ஒன்றை மாட்டினார்கள். புகைப்படம் கிடைக்காததால் ஓவியரே யோசித்து, எழுத்தாளருக்கு உரிய தாடியும் புகைக்குழாயும் வைத்துவிட்டார். புகழ்பெற்ற எழுத்தாளர் என்றால் இறந்திருக்க வேண்டும் என்று குழு முடிவு செய்ததால் "மறைந்த" என்ற சொல்லும் சேர்ந்தது.

முதல் தேர்வை முப்பத்தேழு பேர் எழுதினார்கள். முப்பத்தாறு பேர் தேறினார்கள். தவறியது ஒரே ஒருத்தர். பதிவறை டோர்காஸ் அக்கா.

இருபத்திரண்டு வருஷமாகப் பதிவறையில் கோப்புகளோடு கோப்பாக உட்கார்ந்திருப்பவர். அதிர்ந்து பேச மாட்டார். மதியம் ஒரு மணி அடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போவார். கணவர் ஜோசியாவுக்குப் பக்கவாதம் வந்து கை விழுந்துவிட்டது. அவருக்கு ஊட்டிவிட்டு இரண்டு மணிக்குத் திரும்பி வருவார். இது ஊருக்கே தெரியும். தெரியாத ஒன்றை அவர் என் கடைக்கு வந்து சொன்னார்.

"மாஸ்டர், இருபத்தேழாவது கேள்விக்கு வெள்ளின்னு போட்டது நீதானே?"

"ஆமாக்கா. ஏன், சுலபமான கேள்விதானே? அதுல போய்க் கோட்டை விட்டுட்டீங்களே!"

"அது வெள்ளி இல்லைடா."

"என்னக்கா பேசுறீங்க? வெள்ளிக்கிழமை பொறக்காம எவளாவது அஃபுவா ஆவாளா?"

"அதுதான்டா கதையே! அதுக்காகத்தான் முந்நூறு பக்கம் எழுதினேன்!"

அந்த "எழுதினேன்" என் காதில் ஏறி மூளைக்குப் போகக் கொஞ்ச நேரம் பிடித்தது. டி. ஏ. அம்பாடு என்றால் டோர்காஸ் அடோமா அம்பாடு. இத்தனை வருஷம் நான் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த அக்கா.

"ஐயையோ! சரிக்கா, என்ன கிழமைன்னு சொல்லுங்க. அடுத்த பதிப்புல போட்டுடுறேன்."

அவர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "படி."

"சுருக்கமா ஒரு வார்த்தையில..."

"ஒரு வார்த்தையில சொல்ல முடிஞ்சிருந்தா ஒரு வார்த்தை எழுதிட்டு விட்டிருப்பேன்ல? படிடா, எருமை!"

எனக்கு அப்போது அவசர வேலைகள் இருந்தன. ஹர்மட்டான் என்கிற வறண்ட புழுதிக்காற்று வேறு அடிக்கத் தொடங்கியிருந்தது. காகிதங்கள் பறக்காமலிருக்க அந்தப் புத்தகத்தைத்தான் மேலே வைத்திருந்தேன். நல்ல கனமான புத்தகம்.

இரண்டாம் தேர்விலும் அக்கா தவறினார். இருபத்தேழாம் கேள்விக்கு மட்டும் கூடுதல் தாள் வாங்கி இரண்டு பக்கம் எழுதியிருந்தாராம். திருத்தியவர் "வெள்ளி" என்ற சொல்லைத் தேடியிருக்கிறார். அது இல்லை என்றதும் சிவப்பு மையில் ஒரே கோடு.

அடுத்த நாள் அக்கா மன்ற டைரக்டர் தியோஃபிலஸ் பெர்கோவின் அறைக்குப் போனார். ஜெராக்ஸ் கொடுக்கப் போன நான் வாசலில் நின்று முழுவதையும் கேட்டேன். கேட்கக்கூடாதுதான்.

"சார், அந்த விடை தப்பு. அந்தப் புத்தகத்தை எழுதினவளே நான்தான்."

பெர்கோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "மேடம், அம்பாடு ஐயாவுக்குத் தாடி இருக்கு. கூடத்துல போய்ப் பாருங்க. தவிர, அவர் காலமாகிட்டார். போன வாரம்தான் மலர்வளையம் வெச்சோம். நானே பேசினேன். பேசும்போது அழுகையே வந்துடுச்சு."

"என் ஊழியர் கோப்பை எடுத்துப் பாருங்க சார். பேரு இருக்கும்."

"கோப்பு எங்க இருக்கு?"

"பதிவறையில. என்கிட்ட."

"உங்க கோப்பை நீங்களே எடுத்துட்டு வந்து, நீங்கதான் நீங்கன்னு நீங்களே சொன்னா, அதை நான் ஏத்துக்கணுமா? முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

பெர்கோ கெட்ட மனிதர் இல்லை. அக்காவின் முகத்தைப் பார்த்து மனம் இளகிவிட்டார். "சரி மேடம், நீங்க உயிரோட இருக்கீங்கன்னே வெச்சுக்குவோம். அப்படின்னா விஷயம் இன்னும் சுலபமாச்சே! விடைக்குறிப்பு அரசு ஆவணம். அதை மாத்தணும்னா குழு கூடணும், தீர்மானம் போடணும், தலைநகருக்கு அனுப்பணும். உங்க நாவல் தனியார் கற்பனை. அந்தப் பொண்ணு வெள்ளிக்கிழமைதான் பொறந்தான்னு நீங்களே ஒரு வரி திருத்திட்டா எல்லாருக்கும் நிம்மதி."

"அது பொய் சார்."

"கற்பனையில பொய் என்ன மேடம், மெய் என்ன? பொறக்காத பொண்ணு தானே? எந்தக் கிழமை பொறந்தா அவளுக்கென்ன நஷ்டம்?"

"எனக்கு நஷ்டம்," என்றார் அக்கா. "ஒன்பது வருஷம் சார். ஜோசியா தூங்கின பிறகு, அடுப்படியில உக்காந்து எழுதினேன். அவ பேரு பொய்யின்னு அவ கண்டுபிடிக்கிறதுதான் அந்தக் கதை. அதை மாத்திட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு?"

"அட்டை இருக்கும்ல?" என்றார் பெர்கோ, நிஜமான அக்கறையோடு.

அன்று மாலையே ஏரித்தீவுக்கான மாற்றல் ஆணையைத் தேதி மட்டும் விட்டுத் தட்டச்சு செய்து என்னிடம் மூன்று பிரதி எடுத்தார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை போகிற படகில் தினமும் மதியம் ஒரு மணிக்கு எப்படி வீட்டுக்கு வருவது? எல்லாம் என் அட்டை ஆராய்ச்சியால் வந்த வினை. எனக்கு வெட்கமாக இருந்தது, ஒளிப்பதற்கென்ன.

உடனே காகிதக் கட்டுமேல் இருந்த புத்தகத்தைத் தூசி தட்டித் திறந்தேன். அடேயப்பா, முதல் பக்கத்திலேயே இருக்கிறது! அஃபுவா பிறந்தது வியாழன் சாயங்காலம். மறுநாள் ஊர் திரும்பிய தகப்பன், தான் வந்த நாளே மகள் பிறந்த நாள் என்று அடம்பிடித்து அந்தப் பெயரை வைத்தான். இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? புத்தகத்தை மூடி மறுபடி காகிதத்தின்மேல் வைத்துவிட்டு அச்சுக்கு உட்கார்ந்தேன். "திருத்திய பதிப்பு. விடை: வியாழன்." முதல் பிரதியைக் கையோடு தேர்வுக் குழுவுக்குக் கொடுத்தேன். வினாத்தாள் தயாரிக்க அவர்களுக்கு அப்போதும் நேரமில்லை. விடையை மாற்றக் குழு கூடவேண்டும், தீர்மானம் வேண்டும் என்பதெல்லாம் அக்காவுக்குத்தான். பாஸ்கோவில் மாறினால் தானாகவே மாறிவிடும்.

மூன்றாம் தேர்வு முந்தைய தேர்ச்சிகளைப் புதுப்பிக்கும் தேர்வு என்று அறிவித்ததால் முப்பத்தேழு பேரும் எழுதினார்கள். முப்பத்தேழு பேரும் தேறினார்கள். தலைநகரிலிருந்து "நூறு விழுக்காடு வாசிப்பு மாவட்டம்" என்று ஒரு கேடயம் வந்தது. பெர்கோ அதை வாங்கும்போது கண்ணீர் விட்டார். மாற்றல் ஆணையை அவரே கிழித்தார்.

நான் ஒரு தட்டு பொரித்த வாழைப்பழம் வாங்கிக்கொண்டு பதிவறைக்குப் போனேன்.

"அக்கா, பார்த்தீங்களா? கடைசியில உங்க விடையைத்தான் போட்டேன்! நீங்க எழுதினதுதான் ஜெயிச்சுது!"

அக்கா கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "எது என் விடை?"

"வியாழன்."

"வியாழன்னு நான் எங்கடா எழுதினேன்?"

"முதல் பக்கத்துலயே..."

"முதல் பக்கத்துல அவளோட அத்தை சொல்றதுடா அது! அந்த அத்தை வாயைத் திறந்தாலே பொய்யின்னு ரெண்டாம் பக்கத்துல இருக்கே! நீ ரெண்டாம் பக்கம் போகவே இல்லையா?"

தட்டை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "அப்போ... நீங்க எப்படிக்கா பாஸ் பண்ணீங்க?"

"எல்லாரையும் மாதிரிதான். சந்தையில ஒருத்தி தலையில வெச்சு வித்துட்டுப் போனா, உன் பாஸ்கோ ஒண்ணு வாங்கினேன். என்ன போட்டிருந்துதோ அதையே எழுதினேன். எழுதும்போது என் அஃபுவா முகத்தையே என்னால பார்க்க முடியலை. ஆனா ஜோசியாவுக்கு மதியம் யாருடா ஊட்டுறது?" அக்கா கையை நீட்டினார். "என் புத்தகத்தைக் கொண்டாந்து குடுத்துடு."

கொண்டுவந்து கொடுத்தேன். மூன்று மாசம் என் மேசைமேலேயே இருந்த புத்தகம். அட்டை வெயிலில் வெளுத்திருந்தது.

"அக்கா, வெள்ளியும் இல்லை, வியாழனும் இல்லைன்னா என்ன கிழமைக்கா?"

"நூலகத்துல ஒரு பிரதி இருக்கு," என்று சொல்லிவிட்டு முத்திரை குத்தத் தொடங்கிவிட்டார்.

போய்ப் பார்த்தேன். மாவட்டத்தின் பெருமை என்பதால் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். வாசிக்க விரும்புவோர் பதிவறை வழியாக எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டுமாம். விண்ணப்பித்தேன். அக்காவே வாங்கி, முத்திரை வைத்து, "பரிசீலனையில்" என்ற தட்டில் போட்டார். அந்தத் தட்டில் என் தாள் ஒன்றுதான் கிடக்கிறது.

உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, நீங்களும் அதையேதான் கேட்கப்போகிறீர்கள். "அதெல்லாம் இருக்கட்டும் மாஸ்டர், அஃபுவா என்ன கிழமைதான் பிறந்தாள்? ஒரு வார்த்தையில சொல்லிடுங்களேன்." அப்படியே போய் என் கடை வாசலில் வரிசையில் நில்லுங்கள். வியாழனும் தப்பாம் என்று கேள்விப்பட்டு, அடுத்த திருத்திய பதிப்புக்காக உங்களுக்கு முன்னால் முப்பத்தாறு அதிகாரிகள் நிற்கிறார்கள், பெர்கோ உட்பட.