விழாத பாட்டில்

தாகம் தீர்க்கும் அலுவலகங்கள் உலகத்தில் ஆயிரம் இருக்கலாம். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் செலவழிக்காமல் தாகம் தீர்த்த பெருமை அந்த நகரத்துக் குடிநீர் அலுவலகத்துக்கு மட்டும்தான் உண்டு. அந்த மகத்தான சாதனைக்குத் தன் கையாலேயே நட்டு முடுக்கியவர், அலுவலகப் பட்டறையின் பிட்டர். அவர் மனைவிக்கும் அங்கேதான் வேலை. வீடு வீடாகச் சைக்கிளில் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பார்.

மீட்டர் பார்ப்பவர்கள் மொத்தம் பதினாறு பேர். அதில் ஆறு பேர் உயரம் குறைந்தவர்கள். அவர்களுக்காகவே அலுவலகம் ஆறு சின்னச் சைக்கிள்கள் வாங்கியிருந்தது. பிட்டரின் மனைவி அந்த ஆறில் ஒருவர். வீட்டில் அவரைக் 'குட்டி' என்றுதான் பிட்டர் கூப்பிடுவார்.

வெயிலில் மீட்டர் பார்க்கப் போன இரண்டு பேர் அடுத்தடுத்து மயங்கி விழுந்தார்கள். அலுவலகம் பதறிப்போய் மூன்று கூட்டம் போட்டது. நான்காவது கூட்டத்தில் 'நடமாடும் தாகத் தணிப்புத் திட்டம்' பிறந்தது. எல்லாச் சைக்கிளுக்கும் ஒரு கம்பிக் கூண்டு, அதில் ஒரு லிட்டர் பாட்டில். அலுவலகமே பாட்டில் கொடுப்பதால் சொந்தப் பாட்டில் கொண்டுபோகக் கூடாது. வீடுகளில் தண்ணீர் கேட்டுக் குடிப்பதும் அலுவலகத்தின் மானத்துக்கு இழுக்கு. எனவே அதுவும் கூடாது.

முதல் கூண்டை, திட்டத்துக்குப் பொறுப்பான அலுவலர் தன் சொந்தச் சைக்கிளில் மாட்டிப் பார்த்தார். அவர் ஆறடி, அவர் சைக்கிளும் அதற்கேற்ற உயரம். பாட்டில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. திட்டம் வெற்றி என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

பெரிய சைக்கிள்கள் பத்தையும் முடித்துவிட்டுச் சின்னதற்கு வந்தபோதுதான் பிட்டருக்குச் சிக்கல். சின்னச் சைக்கிளில் மேல் பாருக்கும் கீழ் பாருக்கும் நடுவே இடம் போதவில்லை. கீழ் பாரில் கூண்டை மாட்டிவிட்டுப் பாட்டிலைச் செருகப் போனால் மேல் பார் குறுக்கே நிற்கிறது. பிட்டர் அலுவலரிடம் ஓடினார்.

"சார், சின்ன வண்டில பாட்டில் உள்ள போகமாட்டேங்குது. மேல் பார்ல இடிக்குது."

"எது இடிக்குது?"

"பாட்டில் சார். ஹேண்டில்ல மாட்டிடலாமா? அதே கிளாம்ப் போதும். இல்லேன்னா சின்ன பாட்டிலா வாங்கிடலாம்."

"பெரிய ஆளுக்குப் பெரிய பாட்டில், சின்ன ஆளுக்குச் சின்ன பாட்டிலா? நாளைக்கு ஓரவஞ்சனைன்னு கொடி பிடிக்க மாட்டாங்களா? ஆர்டர்ல 'கீழ் பார்'னு போட்டிருக்கு. கீழ் பார்தான்."

"அப்ப எப்படி சார் மாட்டறது?"

அலுவலர் கண்ணை மூடி யோசித்தார். பெரிய மூளைகள் வேலை செய்யும்போது வெளியே சத்தமே கேட்பதில்லை.

"முதல்ல கூண்டுக்குள்ள பாட்டிலைப் போடு. அப்புறம் ரெண்டையும் சேத்து வண்டில வெச்சு முடுக்கிடு. நாலு மணிக்கு போட்டோ எடுக்க ஆள் வருது."

"எடுக்கறது எப்படி சார்?"

"அதான் சொன்னேனே. போட்டோக்காரன் எடுப்பான்."

இருபத்திரண்டு வருடச் சர்வீசில் பிட்டர் இரண்டாவது கேள்வி கேட்டதே இல்லை. இதுவே அவருக்கு அதிகம். போய் முடுக்கினார். ஆறு பாட்டில்களும் மேல் பாருக்கு ஒரு விரல் கீழே, பல் வரிசைபோல அழகாக நின்றன. போட்டோவும் நன்றாக வந்தது.

மறுநாள் சாயங்காலம் குட்டி வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார்.

"ஏங்க, அந்தப் பாட்டில் வெளிய வரமாட்டேங்குது."

"வராது."

"வராதா? அப்புறம் அது எதுக்குங்க?"

"மூடியை அங்கேயே திறந்துக்கலாம், குட்டி."

"திறந்து? வண்டியத் தலைக்கு மேல தூக்கி வாயில ஊத்திக்கவா? முடுக்குன மகராசன் யாரு?"

பிட்டர் அன்றைக்குச் சீக்கிரம் தூங்கப் போனார்.

மாதக் கடைசியில் கிளார்க்கம்மா ஸ்கேலோடு வந்து பாட்டில் பாட்டிலாக அளந்து ஆய்வறிக்கை தயாரித்தார். பெரிய சைக்கிள்களில் நான்கு பாட்டில்கள் வழியில் விழுந்து தொலைந்திருந்தன. மற்றவற்றில் தண்ணீர் பாதிக்கும் கீழே. சின்னச் சைக்கிள்களில் ஒன்றுகூடத் தொலையவில்லை, தண்ணீர் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. கொஞ்சம் பச்சையாகியிருந்தது. அதற்கு அறிக்கையில் கட்டம் இல்லை.

"நூத்துக்கு நூறு!" என்றார் அலுவலர். "குள்ளமா இருக்கறவங்களுக்குத் தாகமும் கம்மி. இது ஒரு கண்டுபிடிப்பு."

"ஒருவேளை எடுக்க முடியலையோ சார்?" என்றார் கிளார்க்கம்மா.

"முடியலேன்னா புகார் வந்திருக்குமே? பெட்டியைத் திறந்து பாருங்க. காலி."

உண்மைதான். புகார்ப் பெட்டி காலியாகத்தான் இருந்தது. அலுவலர் கையைத் தூக்கினால் எட்டும் மட்டத்தில், அதாவது அந்த ஆறு பேருக்கும் கை எட்டாத உயரத்தில், பாதுகாப்பாக மாட்டப்பட்டிருந்தது. அதையும் முடுக்கியவர் பிட்டர்தான்.

அடுத்த வாரம் குட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தார். பிட்டர் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"கல்லு. பகல்ல தண்ணியே குடிக்கறதில்லையாம்மா? அப்படி எங்க வேலை?"

"குடிநீர் ஆபீஸ்ல டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பிட்டரைப் பார்த்தார். பிட்டர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "இப்படியே போனா கிட்னிக்கு ஆகாது" என்று மட்டும் சொன்னார் டாக்டர்.

குட்டி வேலைக்குத் திரும்பிய அன்று காலை, பிட்டர் யாரையும் கேட்காமல் அவர் சைக்கிளின் கூண்டைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டினார். பாட்டிலைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் பிடித்து வைத்தார். மொத்தம் நாலு நட்டு, பத்து நிமிட வேலை.

மறுநாள் திடீர் ஆய்வு. சின்னவற்றில் குட்டியின் மூன்றாம் எண் சைக்கிளில் மட்டும் தண்ணீர் அடிமட்டம். நூற்றுக்கு நூறு போச்சு. அலுவலர் இடிந்துபோனார். மதியத்துக்குள் பிட்டருக்கு மெமோ வந்தது: 'மூன்றாம் எண் பாட்டிலில் இருந்த தண்ணீர் எங்கே போயிற்று? உடனே விளக்கம் தரவும்.'

பிட்டர் பட்டறை மேசையிலேயே உட்கார்ந்து எழுதி, தானே கொண்டுபோய்க் கொடுத்தார்:

'ஐயா, மேற்படி தண்ணீரை என் மனைவி குடித்துவிட்டார். அதற்கு விளக்கம் இவ்வளவுதான். மற்ற ஐந்து பாட்டில்களிலும் தண்ணீர் அப்படியே இருக்கிறது. விளக்கம் தேவைப்படுவது அதற்குத்தான். அந்த ஐந்தை முடுக்கியவன் நான். முடுக்கச் சொன்னவர் தாங்கள்.'

அலுவலர் இரண்டு முறை படித்தார். அவருக்குத் தொண்டை வறண்டுவிட்டது. மேசை மேலிருந்த டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தார்.

டம்ளர் ஒரே இழுப்பில் கைக்கு வந்தது.