கட்டை அண்ணாச்சி போட்ட பிரேக் மனு

கட்டை அண்ணாச்சி உயிரோடு இருந்தவரை தூத்துக்குடியில் நிறுத்தி வைத்த வண்டி எதுவும் தானாக நகர்ந்தது கிடையாது. இதை எந்தக் கோர்ட்டிலும் ஏறிச் சொல்லுவேன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. லாரி மெக்கானிக். கக்கத்தில் எப்போதும் ஓர் உடைமரக் கட்டை. எங்கே சக்கரம் நின்றாலும் அடியில் செருகிவிடுவார். ஒருதரம் கல்யாணக் காருக்குச் செருகிவிட்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறி உட்கார்ந்தாயிற்று. கார் உறுமுகிறது, அசையமாட்டேன் என்கிறது. சகுனம் சரியில்லை என்று மாப்பிள்ளையின் அம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள். அண்ணாச்சி சாவகாசமாகக் குனிந்து கட்டையை உருவிக்கொண்டு, "இப்ப போங்க, நல்லாயிருப்பிய" என்று ஆசீர்வாதம் பண்ணினார்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். உப்பு மூட்டை சுமந்து, முப்பத்தஞ்சு வயசில் அஞ்சு லாரிக்கு முதலாளி ஆனேன். எழுபதுகளில் துறைமுக ரோட்டில் என் வண்டி வந்தால் மற்ற வண்டியெல்லாம் ஒதுங்கும். மரியாதைக்கு ஒதுங்குகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பிரேக் பிடிக்காது என்று தெரிந்து ஒதுங்குகிறார்கள் என்பதை அண்ணாச்சிதான் சொன்னார்.

உப்பு லாரித் தொழில் அப்படி. ஈர உப்பிலிருந்து தண்ணீர் சொட்டி, பலகை இடுக்கு வழியாக இறங்கி, பிரேக் குழாயைத் தின்றுவிடும். ஆறே மாசத்தில் குழாய் அப்பளமாகிவிடும். அதனால் டிரைவர்கள் பிரேக்கை நம்புவதில்லை. கியரைக் குறைத்துக்கொண்டே வந்து, உப்பளத்தில் குவித்திருக்கும் உப்பு அம்பாரத்தில் மூக்கை முட்டி நிறுத்துவார்கள். நன்றாக முட்டுகிறவன்தான் நல்ல டிரைவர். ஆள் எடுக்கும்போது நானே முட்டச் சொல்லித்தான் பார்ப்பேன்.

லாரிகளுக்குத் துருப்பிடிக்காத குழாயும் நல்ல பிரேக்கும் மாட்ட அரசாங்கம் மானியம் கொடுக்கிறது என்று யாரோ அண்ணாச்சி காதில் போட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். வாரம் ஒரு மனு. டீக்கடையில் சத்தமாக வாசித்துக் காட்டி, உறைமேல் சிலுவை அடையாளம் போட்டு, ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புவார். அத்தாட்சியாக இருக்கட்டும் என்று ஒரு துருப்பிடித்த குழாயையே பார்சலில் மெட்ராசுக்கு அனுப்பினார். 'இணைப்பில் கண்ட இரும்புத் துண்டு எதற்கென விளக்கவும்' என்று பதில் வந்தது. அண்ணாச்சி விளக்கம் எழுதி, கூட இன்னொரு குழாயையும் அனுப்பினார்.

உங்களுக்கென்ன லாரியா இருக்கிறது, எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். "நீருதான் மொதலாளி. ஆனா வண்டியில ஏறுதவன் நான் மாட்டுன பெடலை நம்பில்லா போறான்," என்றார்.

மூன்று வருஷம் கழித்து மெட்ராஸ் அசைந்தது. ஓர் ஆபீசர் நேரில் வருவார். மாதிரிக்கு ஒரு வண்டியைச் சோதிப்பார். பிரேக் மோசம் என்று கண்டால் ஊரில் உள்ள உப்பு லாரி அத்தனைக்கும் மானியம். அண்ணாச்சி தேர்ந்தெடுத்தது என் வண்டியை. இருப்பதிலேயே மோசம் அதுதானாம்.

"தம்பி, இருக்கபடியே நிக்கட்டும். கழுவக்கூடச் செய்யாதீரும்," என்று கையைப் பிடித்துச் சொன்னார். தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தால் மனசு கேட்கவில்லை. ஊரில் உள்ள முதலாளி அத்தனை பேரும் வந்து நிற்பான். அவன்கள் முன்னால் என் வண்டி ஓட்டை என்று காட்டவா? பெண் பார்க்க வருகிறவர்களிடம் பெண்ணுக்குச் சீக்கு என்று எவனாவது சொல்லுவானா? மதுரையிலிருந்து புதுக் குழாய், புது லைனிங் எல்லாம் வரவழைத்தேன். அண்ணாச்சிக்குத் தெரியாமல் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் மாட்டினேன். பெயிண்டும் அடித்து, சாமந்தி மாலையும் போட்டாயிற்று.

ஆபீசர் ஏறி உட்கார்ந்தார். என் டிரைவர் சூசை வேகமாக ஓட்டி வந்து பிரேக்கை மிதித்தான். ஆணி அடித்த மாதிரி நின்றது வண்டி. ஆபீசரின் மூக்குக் கண்ணாடி பறந்து போய் உப்பில் விழுந்தது.

"நல்லாத்தானேய்யா இருக்கு," என்றார் அவர்.

"நம்ம வண்டி என்னைக்கும் அப்படித்தான் சார்," என்றேன் நான்.

அண்ணாச்சி குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் ஆபீசர் பின்னாலேயே ஓடி, அடுத்த வண்டியையும் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினார். ஒரு வண்டிக்குத்தான் உத்தரவு என்று ஜீப்பில் ஏறிவிட்டார் ஆபீசர். ஜீப் கிளம்பவில்லை. சக்கரத்தடியில் கட்டை. அண்ணாச்சி குனிந்து உருவினார். அன்றைக்கு யாரையும் ஆசீர்வாதம் பண்ணவில்லை.

'பிரேக்குகள் திருப்திகரமாக உள்ளன, மானியம் தேவையில்லை' என்று கடிதம் வந்தது.

இரண்டு மாசத்தில் என் இன்னொரு வண்டியை எடுத்துக்கொண்டு போன சூசைக்கு ரயில்வே கேட் முன்னால் பிரேக் பிடிக்கவில்லை. கேட்டுக்குள் பாயாமல் உப்பளத்து வரப்பில் திருப்பிக் கவிழ்த்தான். அவன் இடது கால் அதற்கப்புறம் கிளச்சை மிதிக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னான்: "மொதலாளி, ஆபீசருக்கு நின்ன மாதிரி வண்டி ஒண்ணு எனக்கும் குடுத்திருக்கலாம்லா."

அந்த வாரம் லாரி முதலாளிகள் எல்லாரும் கூடினோம். அண்ணாச்சியையும் வரச் சொல்லியிருந்தோம். கையில் வந்த மானியம் எப்படிப் போயிற்று என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். நான் முதல் வரிசை நாற்காலியில் இருந்தேன். என் வண்டியில் இருந்தது புதுக் குழாய் என்பதைக் குனிந்து ஒரு பார்வை பார்த்தே கண்டுபிடித்திருந்தவர் அந்தக் கூட்டத்தில் ஒருத்தர்தான். அவர் எழுந்தார்.

"மனுவை நான்தான் சரியா எழுதல. தப்பு என்னுது," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மெட்ராசோடு மூன்று வருஷம் மல்லுக்கு நின்ற மனுசன். நாலு பேர் இருக்கிற இடத்தில் என் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு மூடித்தான் இருந்தது. மறுநாளே மற்ற வண்டிகளுக்கும் புதுக் குழாய் மாட்டச் சொன்னேன். அண்ணாச்சியே வந்து மாட்டினார். பழையபடி தம்பி என்றுதான் கூப்பிட்டார். அவர் சாகிறவரை நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

பின்னால் அந்த மனுவின் நகல் கிடைத்து, விவரம் தெரிந்தவர் ஒருத்தரை வாசிக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டேன்.

நல்லாத்தான் எழுதியிருந்தீங்க, அண்ணாச்சி.