சுக்கான் பிடித்த லக்ஷ்மி

இனி ஒரு பழங்காசு வாங்கினால் ஒரு மாதம் வீட்டுச் சமையல் என் பொறுப்பு என்று என் மனைவி காமுவிடம் சத்தியம் செய்தேன். பதினோராம் நாளே ரோமாபுரி வெள்ளிக்காசு ஒன்றைச் சட்டைப் பையில் பதுக்கிக்கொண்டு பெஹாலா வீட்டுக்குள் நுழைந்தேன். ஒரு பக்கம் ஃபார்ச்சூனா என்ற ரோமர்களுடைய அதிர்ஷ்ட தேவதை. மறுபக்கம் ராஜா. கிடர்பூர் துறைமுகத்தில் முப்பது வருஷம் கடத்தல்காரர்களைப் பிடித்த சுங்க அதிகாரி நான். ஆனால் துவைக்கப் போடுமுன் காமு பையைத் தடவிப் பார்ப்பாள் என்பதை மறந்துவிட்டேன்.

"ஏன்னா, இது என்ன?"

"லக்ஷ்மி காசு. உனக்காகத்தான்."

"தாமரை எங்கே? கையில என்னமோ கொம்பு இருக்கே?"

"கொம்பு நெறையப் பழம் பார். ஐஸ்வர்யம்!"

"இன்னொரு கையில துடுப்பு?"

"துடுப்பு இல்லடி, கப்பல் சுக்கான். பாற்கடல்லேர்ந்து வந்தவளாச்சே!"

காமு காசைத் திருப்பினாள். தாடியும் இலைக்கிரீடமுமாக ராஜா முறைத்தார்.

"இது யாரு?"

"பெருமாள்."

"தாடியோடயா?"

"பரசுராம அவதாரம்."

"கோடாலி?"

"சின்னக் காசு. எடம் போறலை."

காமு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நம்பிவிட்டாளா? முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

"விபூதி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்."

"ஐயோ, தேய்க்காதே!" என்று அலறினேன். ஈராயிரம் வருஷத்துக் கறுப்பு போனால் காசுக்கு மதிப்பேது?

"லக்ஷ்மியைத் தேய்ச்சா உங்களுக்கு ஏன் வலிக்கறது?"

காசு சந்தனம் குங்குமத்தோடு பூஜையறைக்குப் போனது. பௌதி என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி வந்து சங்கு ஊதினாள். நான் ரோம ராஜாவுக்குத் தினமும் சாஷ்டாங்கமாக விழுந்தேன். காமு பக்தியில் உருகுகிறாளா, என்னை உருக்குகிறாளா? ஒன்றும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாணயச் சங்கக் கூட்டம். காசைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சங்கத் தலைவர் வீரராகவனிடம் ஜம்பமாகச் சொல்லியிருந்தேன். காலையில் பூஜையறைக்குள் பூனை மாதிரி நுழைந்தேன்.

"எங்கே?" என்றாள் காமு.

"தாயாரை... கோயிலுக்கு..."

"பூஜையில வெச்ச தெய்வம் வாசப்படி தாண்டப்படாது. வீரராகவன் மாமா போன் பண்ணினார். கூட்டத்தையே இங்க வரச் சொல்லிட்டேன். பன்னண்டு பேர்."

"அப்போ நீ... நம்பலையா?"

"ஃபார்ச்சூனா தாயாரை நம்பாம இருப்பேனா? வடைக்கு உளுந்து ஊறப் போட்டிருக்கேன். அரைக்கறதுலேர்ந்து உங்க மாசம் ஆரம்பம்."