நாலு விரல் திருவடி

சும்மா இருக்கத் தெரியாதவன் கையில் கம்ப்யூட்டரைக் கொடுக்கக் கூடாது. தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குக் கொடுத்தார்கள்.

ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் வாத்தியார். (மாணவர்களைவிட ஒரு பாடம் முன்னால் படித்திருப்பவனுக்கு அந்தப் பெயர்.) ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் பார்த்திருந்தோம். கோதையை எனக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. ஆனால் அவள் அப்பாவுக்கு ஒரு சந்தேகம். "மாப்பிள்ளை அந்தப் பெட்டியில என்னதான் செய்யுதாருன்னு நேர்ல பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று கிளம்பிவிட்டார்.

சும்மா இருந்திருக்கலாம். அவரோ ஆண்டாள் சந்நிதிக்குப் போகாமல் காபி குடிக்காதவர். அவரை அசத்த நினைத்து, சென்டரில் இருந்த லினக்ஸ் கம்ப்யூட்டரின் பேனலில், அதாவது பொத்தான்கள் வரிசையாக நிற்கும் ஓரப் பட்டையில், வில்லிபுத்தூர் கோபுரத்தின் படத்தைப் போட்டேன். கோபுரம் நிமிர்ந்து நிற்கப் பட்டையைச் செங்குத்தாக்கினேன். எல்லாம் பிரமாதம். ஒரே குறை, பொத்தான்களைச் சுற்றியிருந்த பார்டர். கோபுரத்துக்குக் குறுக்கே ஜன்னல் கம்பி அடித்த மாதிரி இருந்தது. ஏதோ ஒரு கோப்பைத் தோண்டி, ஏதோ ஓர் எண்ணைப் பூஜ்யமாக்கி, பார்டரை ஒழித்தேன். பெருமையில் அன்று சாப்பாடே இறங்கவில்லை.

மாமா வந்தார். கோபுரத்தைக் கண்டதும் கைகூப்பினார். கூப்பிய கை அப்படியே நின்றது.

"இதென்ன தம்பி, கோபுரத்து உச்சியில எவனோ காலத் தூக்கி வச்சிருக்கான்?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். அந்த லினக்ஸில் மெனு பொத்தானின் அடையாளமே ஒரு பாதம். பார்டர் இருந்தவரை அது பொத்தான். பார்டர் போனதும் அது கோபுரத்தை மிதித்துக்கொண்டிருந்தது.

"பெருமாள் திருவடி மாமா" என்றேன். (வாய்க்கு வந்தது அதுதான்.)

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். விரல் வைத்து எண்ணினார்.

"பெருமாளுக்கு நாலு விரல்தானா தம்பி?"

அந்தப் பாதத்துக்கு நாலே விரல். வரைந்த புண்ணியவான் எந்த ஊரோ!

"இந்தா, எடுத்துருதேன் மாமா" என்று பதறி, பாதத்தின் மேல் மௌஸை வைத்து 'நீக்கு' என்றேன். பொத்தான் எங்கே முடிகிறது, பட்டை எங்கே தொடங்குகிறது என்று காட்டத்தானே பார்டர்? அதைத்தான் ஒழித்துவிட்டேனே; பாதம் என்று நினைத்து நான் தொட்டது பட்டையை. 'நிச்சயமாகவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. நிச்சயம் என்றேன். பாதம், மெனு, கடிகாரம், கோபுரம் எல்லாம் சேர்ந்து மறைந்தன. திரையில் வெறும் நீலம்.

"காலை எடுன்னா கோபுரத்தையே தூக்கிட்டீரே" என்றார் மாமா. டீகூடக் குடிக்காமல் பஸ் ஏறினார்.

கோதை போய்விட்டாள் என்றே நினைத்தேன். அழுகை வந்தது. ஆனால் மறுநாள் சம்மதம் வந்தது. வீட்டில் அவர் சொன்னதைக் கோதை பிற்பாடு சொன்னாள்: "பயலுக்குக் கம்ப்யூட்டரும் தெரியல, பொய் சொல்லவும் தெரியல. நம்பிக் குடுக்கலாம்."

இன்றும் கிருஷ்ண ஜெயந்தியன்று கோதை வாசலிலிருந்து மாக்கோலத்தில் குட்டிப் பாதங்கள் போடுவாள். மாமா வந்து, கண்ணாடியை மாட்டி, படியிலேயே குனிந்து எண்ணுவார்.

"அஞ்சு இருக்கு. மாப்பிள்ளை கை வைக்கல" என்று ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.